தொண்டைக்குக் கரண்ட் வைத்த பிறகு: காயும் வாயும் கட்டும் சளியும்

தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்து முடித்து பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு திரும்புகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதே நேரம் தொண்டையில் பசை போலச் சளி நிற்கிறது, துப்பவும் வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை. காய்கிற வாயில் சளி எங்கிருந்து வருகிறது என்று வீட்டாருக்குப் புரிவதில்லை. நெஞ்சுச் சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம், சுக்குக் காபி, மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை என்று கொடுக்கிறார்கள். வாய் இன்னும் காய்கிறது, சளி இன்னும் இறுகுகிறது.

இரண்டும் ஒரே கோளாறு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல உடம்பில் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். காதுக்கு முன்னால் கன்னத்தில் இருக்கும் பரோட்டிட் சுரப்பி தண்ணீர் போன்ற எச்சிலைத் தருகிறது. நாக்குக்கு அடியிலும் உதட்டின் உட்புறத்திலும் அண்ணத்திலும் இருக்கும் சின்னச் சுரப்பிகள் வழவழப்பான கொழகொழ எச்சிலைத் தருகின்றன. கதிர்வீச்சில் முதலில் அடிபடுவது பரோட்டிட். தண்ணீர்ப் பங்கு நின்றுபோகிறது, கொழகொழப்பு மட்டும் மிஞ்சுகிறது. புண்ணான தொண்டைத் தோலிலிருந்து கசிவதும் அதோடு சேர்கிறது. விழுங்க வலிப்பதால் அது அங்கேயே தேங்கி, வாய் வழியாக மூச்சு விடும்போது காற்றில் காய்ந்து கயிறாகத் திரிகிறது. ஆகவே இந்தச் சளியை வற்றவைக்கக் கூடாது, நனைத்துக் கரைக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதைச் செய்யும் வழிகள்தான்.

காலக் கணக்கையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமான சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரம் நடக்கும். இரண்டாவது வாரத்திலேயே எச்சில் கெட்டியாகத் தொடங்கும். கரண்ட் முடிந்த அன்று தொல்லையும் முடிந்துவிடும் என்று பலர் நம்பியிருப்பார்கள். உண்மையில் அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் புண்ணும் சளியும் இன்னும் கூடும், அதன் பின்னரே இறங்கும். சளி குறையப் பல வாரமாகும், சிலருக்கு மாதக்கணக்கு. வறட்சி மெல்ல மெல்ல ஓராண்டு, ஈராண்டு வரைகூடத் தேறிக்கொண்டே வரும், ஆனால் எல்லோருக்கும் முழுசாகத் திரும்புவதில்லை. பரோட்டிட்டை ஒதுக்கிக் கதிர் பாய்ச்சும் ஐஎம்ஆர்டி முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதல்.

முதல் மருந்து உப்பு-சோடாத் தண்ணீர். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, இரண்டும் தலைதட்டிய அளவு. ஒரு வேளைக்கு மட்டும் கலக்குவதானால் கால் லிட்டர் டம்ளருக்குத் தலா கால் டீஸ்பூன். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலம் கலந்திருக்கும், அதைப் போடக் கூடாது. உப்பு புண்ணைத் தேற்றும், சோடா கொழகொழப்பைத் தளர்த்தி வாயின் புளிப்பைக் குறைக்கும். எரிந்தால் உப்பைப் பாதியாக்குங்கள், சோடாவை நிறுத்தாதீர்கள். சீக்கிரம் கரையட்டும் என்று சோடாவை அள்ளிப் போட்டால் கசக்கும், தோலும் எரியும். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

ஒரு வாய்க்கு இரண்டு மடக்கு அளவு எடுத்து, கன்னம் இரண்டு பக்கமும் அரை நிமிடம் அலசித் துப்புங்கள். தெளிவாக வரும்வரை நான்கைந்து வாய். தலையை அண்ணாந்து கொப்பளிப்பது தொண்டை பச்சைப் புண்ணாக இருக்கும்போது வேண்டாம், புரையேறும். தலையைப் பக்கவாட்டில் சாய்த்தாலே பின்வாய் நனையும். காலை எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கும் முன், இரவில் விழிப்பு வரும்போதெல்லாம். சளி அதிகமான வாரங்களில் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. சாப்பாட்டுக்கு முன் அலசுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வாயைப் போர்த்தியிருக்கும் பசை போனால்தான் நாக்குக்கு ருசியும் எட்டும், கவளமும் வழுக்கி இறங்கும். ரத்த அழுத்தம் இருக்கிறதே, உப்பு ஆகாதே என்ற பயம் இதில் வேண்டாம், துப்பும் தண்ணீர்தானே. மூக்கில் டியூப் போட்டு அதன் வழியாகச் சாப்பிடுகிறவர்களும் இதைச் செய்தாக வேண்டும். வாய்க்கு வேலை இல்லாதபோதுதான் அது அதிகம் காயும்.

விடியற்காலைதான் மிகக் கஷ்டமான நேரம். இரவெல்லாம் வாய் திறந்து தூங்கியதில் சளி காய்ந்து, ஒரு நுனி அண்ணத்திலும் மறுநுனி தொண்டைக்குள்ளும் ஒட்டிக்கொண்டு கயிறாக நிற்கும். எழுந்ததும் காறினால் அது உள்நாக்கை இழுக்கும், ஓங்கரிப்பு வரும், வெறும் வயிற்றில் வாந்தியாகும். காறக் கூடாது. உட்கார வையுங்கள். ஒரு வாய் உப்பு-சோடாத் தண்ணீரை வாயிலேயே ஒரு நிமிடம் ஊறவிட்டுத் துப்பட்டும், இன்னொரு வாய், இன்னொன்று. ஊறி நுனி தளர்ந்த பிறகு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காஸ் துணியை அதே தண்ணீரில் நனைத்து விரலில் சுற்றி, கன்னத்தின் உள்பக்கமிருந்து முன்னோக்கித் துடைத்தெடுங்கள். நுனி பிடிபட்டால் வெடுக்கென்று இழுக்காமல் விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். விரல் நாக்கின் பாதிக்கு மேல் உள்ளே போகக் கூடாது. இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் அன்றைய காலைச் சாப்பாடு உள்ளே போகும்.

வாயளவில் நனைப்பது போதாமல் சளி தொண்டைக்குக் கீழே நின்றால் நெபுலைசர் (திரவத்தை நுண்துளியாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி) உதவும். வெறும் 0.9 சதவீத நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) 3 மில்லி, நிமிர்ந்து உட்கார்ந்து பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. முடிந்ததும் ஆழமாக மூச்சிழுத்து, கண்ணாடியில் ஆவி படியச் செய்வது போல வாயைத் திறந்து ‘ஹா’ என்று பலமாக ஊதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஊதலில் சளி மேலே வரும், அப்போது துப்பலாம். வறட்டு இருமலாக இருமித் தள்ளுவதைவிடப் புண்ணுக்கு இது இதம். நெபுலைசரில் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஆஸ்துமா மருந்து கலப்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் மாஸ்க்கையும் கப்பையும் கழுவி, காற்றில் உலர்த்தி வையுங்கள். மூச்சு இறுகினால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

போர்வை போர்த்திக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் ஆவி பிடிப்பது நம் ஊர் வழக்கம், இப்போது அது வேண்டாம். கரண்ட் வைத்த கழுத்துத் தோல் மெல்லியது, சூடு உறைப்பதும் குறைவு, வெந்த பிறகுதான் தெரியும். தைலம், நீலகிரி எண்ணெய், கற்பூரம் எதுவும் வேண்டாம். குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் புண்ணை எரிக்கும். ஆவி வேண்டுமென்றால் குளியலறைக் கதவைச் சாத்தி வெந்நீர் திறந்துவிட்டு, அந்த ஈரக் காற்றில் சற்று நேரம் உட்காருவதே போதும்.

சளி மாத்திரைக்கு வருவோம், இங்கேதான் அதிகக் கேடு நடக்கிறது. ஜலதோஷத்துக்குத் தரும் செட்டிரிசின், குளோர்பெனிரமின் வகை மாத்திரைகள் ஒழுகும் மூக்கை வற்றவைப்பவை. ஏற்கெனவே தண்ணீர் இல்லாத வாயில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலினும் வாயைக் காயவைக்கும். அதை நீங்களாக நிறுத்தாமல், வறட்சி கூடியிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக் கேளுங்கள். சளியைத் தளர்த்தும் மருந்துகள் தனியாக இருக்கின்றன. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அசிட்டைல்சிஸ்டீன் 600 மில்லிகிராம் மாத்திரையும் குவாய்ஃபெனசின் சிரப்பும் அந்த வகை. ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் அசிட்டைல்சிஸ்டீன் எடுக்கக் கூடாது. இருமலை அடக்கும் சிரப்பும் இதற்கு ஆகாது. இருமல் அடங்கினால் சளி உள்ளேயே தங்கும்.

எச்சிலை ஊறவைக்கும் பைலோகார்பின் 5 மில்லிகிராம் மாத்திரை, வழக்கமாக நாளுக்கு மூன்று வேளை, டாக்டர் சீட்டின் பேரில் கிடைக்கும். சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் வேலை செய்யும், பலன் தெரியச் சில வாரமாகும். வியர்த்துக் கொட்டும், அடிக்கடி சிறுநீர் வரும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவும் சிலவகைக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்குக் கூடாது. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் கலந்த செயற்கை எச்சிலை வாயில் விட்டுப் பரப்பிக்கொள்ளலாம், சிறிது நேரம்தான் தாங்கும். சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் பயன்படுத்துவதே சிக்கனம். புண் ஆறிய பிறகு சைலிட்டால் உள்ள சர்க்கரையில்லாச் சூயிங்கம் மெல்வது மிச்ச சுரப்பியைத் தூண்டும்.

தண்ணீர் நாளுக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர். இதயம், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுக்குள். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிப்பதில் வாய்க்குப் பயனில்லை, வயிறுதான் நிறையும். பாட்டிலைக் கையோடு வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு, வாயில் சுற்றிவிட்டு விழுங்குவது. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை வேண்டாம், எதிர்காற்று அரை மணியில் வாயைக் காயவைத்துவிடும். தருமபுரியின் சித்திரை வெயிலைப் போலவே ஓசூரின் மார்கழிக் குளிர்காற்றும் காயவைக்கும். வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் ஈரத் துண்டாலோ துணி மாஸ்க்காலோ மூடிக்கொள்ளலாம்.

இரவில் சீலிங் ஃபேன் நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், அறையில் ஈரத்துணி காயப்போடுங்கள். தலையை உயர்த்துவதற்கு இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், சளி இன்னும் அடைக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினால் உடம்பு முழுவதும் சரிவாக இருக்கும். மூக்கடைப்பு இருந்தால் படுக்கும் முன் சலைன் சொட்டு விடுங்கள். மூக்கு திறந்தால் வாய் மூடும். படுக்கும்போது நாக்கிலும் கன்னத்திலும் தேங்காய் எண்ணெய் அல்லது நெய் லேசாகத் தடவுவது ஈரத்தைக் காக்கும். ஆனால் விழுங்கும்போது புரையேறுகிறவர்களுக்கு எண்ணெய் வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும்.

நம் பக்கத்துச் சாப்பாடு களி. அதை மெல்லாமல் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்கிப் பழகியவர்கள் அந்த ஞாபகத்திலேயே விழுங்கிப் பார்ப்பார்கள். வறண்டு குறுகிய தொண்டையில் களி உருண்டை பாதியில் நின்றுவிடும், மூச்சே திணறும். புண் ஆறும்வரை களி வேண்டாம், ராகியை விட வேண்டியதில்லை. முளைகட்டிய ராகி மாவு மூன்று மேசைக்கரண்டி எடுத்து, இரண்டு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதன் பிறகு அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டுவது வேறு பலன் தரும். முளையில் உள்ள நொதி மெல்லச் சூடேறும்போது மாவுப்பசையை உடைத்துக் கஞ்சியை நீர்க்கச் செய்கிறது. கொதிநீரில் அந்த நொதி உடனே செத்துவிடும், கஞ்சி கூழாக இறுகும். பத்து நிமிடம் கைவிடாமல் கிளறி, வெந்ததும் டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள். நின்றுபோகும் தவிடுதான் அண்ணத்தில் ஒட்டி உறுத்துவது. வெதுவெதுப்பானதும் புளிக்காத மோர் கலந்து, ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் 45 கலோரி கூடும். சாதாரண மாவில் இதே நீர்ப்பதத்துக்கு மாவைக் குறைக்க வேண்டியிருக்கும், சத்தும் குறையும். எடை இறங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்கு இது பெரிய வித்தியாசம்.

பின்னாளில் களிக்குத் திரும்பும்போது தண்ணீர் கூட வைத்துத் தளரக் கிண்டி, சுண்டைக்காய் அளவு கிள்ளி, நீர்த்த கீரைக் கடைசலிலோ பருப்பிலோ முக்கி, கூடவே ஒரு மடக்குத் தண்ணீர். முட்டை, குழைந்த பச்சைப்பயறு, சாமைக் கஞ்சி நன்றாக இறங்கும். ரொட்டி, பிஸ்கட், வறட்டுச் சப்பாத்தி, வேர்க்கடலை ஒட்டும், தொண்டையில் மாட்டும். பால் சளியை உண்டாக்குவதில்லை, எச்சிலோடு கலந்து தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குடித்ததும் தண்ணீரால் அலசினால் போதும், பாலை நிறுத்திச் சத்தை இழக்காதீர்கள்.

புளி, பச்சை மிளகாய், பாலக்கோட்டுத் தக்காளி எல்லாம் சில மாதம் எரிக்கும். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சையும் நெல்லிக்காயும் வாயில் அடக்குகிறவர்கள் உண்டு. ஊறும், உண்மைதான், ஆனால் எச்சிலின் காவல் இல்லாத பல்லை அந்த அமிலம் நேரே அரிக்கும். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்காரரிடம் மாம்பழம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. நார் வடித்து, தயிரில் அடித்து, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், உடனே வாய் அலசச் சொல்லுங்கள். நாளெல்லாம் சிறிது சிறிதாக மாம்பழச் சாறு உறிஞ்சுவதும் தேன் நக்குவதும்தான் பல்லைக் கெடுக்கும்.

பல் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்சில் குறைந்த வாயில் பல் வழக்கமான இடத்தில் சொத்தையாவதில்லை, ஈறையொட்டிய கழுத்தில் சுற்றிலும் அரிக்கும். கீழ் முன்பற்கள்கூட ஒடிந்து விழும். இதைத் தடுப்பது ஃபுளோரைடு. சொன்னதும் நம் மாவட்டத்து ஆட்கள் திகைப்பார்கள், காரணம் இருக்கிறது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாகிப் பல்லில் பழுப்புக் கறை, எலும்பில் இறுக்கம் என்று தலைமுறையாகப் பட்ட ஊர் இது. 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரோசிஸ் என்னும் இந்தப் பாதிப்பைத் தணிப்பதையும் நோக்கமாகக் கொண்டதுதான். அந்தக் கறை, பல் உருவாகும் சின்ன வயதில் விழுங்கிய ஃபுளோரைடால் வந்தது. பல் டாக்டர் எழுதித் தரும் 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல், முளைத்துவிட்ட பல்லின் மேல்பரப்பில் பூசித் துப்புவது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஜெல்லை ஒதுக்கினால் பல் போய்விடும்.

இரவு பல் துலக்கிய பிறகு, பல் டாக்டர் பல்லின் அளவுக்கு ட்ரே செய்து தந்திருந்தால் அதில் மெல்லிய கோடாக ஜெல் போட்டு ஐந்து நிமிடம், இல்லையென்றால் மிருதுவான பிரஷ்ஷால் தடவி, துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. அதன் பின் அரை மணி நேரம் வாய் அலசவோ குடிக்கவோ கூடாது. இது வாழ்நாள் பழக்கம். அமிலம் கலந்த ஃபுளோரைடு ஜெல் வறண்ட வாயில் எரியும், நடுநிலையானதைக் கேட்டு வாங்குங்கள். குடிப்பதற்கும் வாய் அலசுவதற்கும் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஒகேனக்கல் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

ஆடுகிற பல், சொத்தைப் பல் இருந்தால் கரண்ட் தொடங்க இரண்டு மூன்று வாரம் முன்பே பிடுங்கிப் புண் ஆறியிருக்க வேண்டும். கரண்ட் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பல வருடம் கழித்துப் பிடுங்கினாலும் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக ‘தாடைக்குக் கரண்ட் வைத்திருக்கிறது’ என்று சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள்.

புகையிலை, ஹான்ஸ், பாக்கு, மது எல்லாம் அறவே கூடாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் அப்படியே. வாய் பூட்டிக்கொள்ளாமலிருக்க நாளுக்குப் பல முறை வாயை நன்றாகத் திறந்து மூடும் பயிற்சி செய்ய வேண்டும். மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடிகிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள், இரண்டாகக் குறைந்தால் உடனே காட்டுங்கள். டியூப் இருந்தாலும், டாக்டர் தடுக்காதவரை, தண்ணீரையாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விழுங்காத தொண்டை விழுங்க மறந்துவிடும்.

துடைத்தால் வரும் தயிர் போன்ற வெள்ளைத் திட்டும் எரிச்சலும் பூஞ்சைத் தொற்று. எவ்வளவு அலசினாலும் போகாது, டாக்டர் எழுதித் தரும் மருந்து வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வையுங்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, பச்சையோ நாற்றமோ உள்ள சளி, கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சிழுக்கும்போது விசில் சத்தமோ வாய் நிறைய ரத்தமோ வந்தால் 108. மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளை போட்டவர்கள் துளையின் மேல் எப்போதும் ஈர வலைத்துணி வைத்திருங்கள். அங்கே சளி அடைத்தால் நிமிடங்களில் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் பெங்களூருக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் வலி, ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து, வாய் திறக்கும் பயிற்சி, நெபுலைசர் பிடிக்கும் முறை, சளி உறிஞ்சும் மெஷின் தேவையா என்பதையெல்லாம் அவர்களிடமே கேட்கலாம். கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டு மெல்லச் சுரக்காமல் போவது சகஜம். அசதி, மலச்சிக்கல், குரல் தடிப்பு என்று வரும்போது அதையும் பழைய நோயின் பலவீனம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை தைராய்டு வேலையைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள்.